பால்கோவாவுக்குப் பதிவு உண்டு, பிள்ளை பார்க்கும் வீட்டுக்கு?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் வீட்டு அடுப்பில் பால்கோவா கிண்டி விற்க நினைத்தால், அவர் யாரென்று சட்டத்துக்குத் தெரியும். உணவுப் பாதுகாப்புக்கான 2011ஆம் ஆண்டு விதிகள் சிறு வியாபாரியைத் தனியாகவும் பெரிய ஆலையைத் தனியாகவும் பிரித்தே எழுதப்பட்டன. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டால் போதும், அதைத் தாண்டினால்தான் உரிமம் என்று வகுத்தார்கள். அதே தெருவில் இன்னொரு பெண், வேலைக்குப் போகும் தாய்மாரின் நான்கு கைக்குழந்தைகளைப் பகலில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு மாதாமாதம் கொஞ்சம் பணம் வாங்குகிறார். அவரைச் சட்டத்துக்கு அடையாளமே தெரியாது. பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டு எந்த அலுவலகத்துப் படியேறினாலும், அவருக்குப் பொருந்தும் படிவம் அங்கே கிடையாது.

பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய இரண்டு ஊர்களிலும் பெண்கள் வேலைக்குப் போவது புதிதல்ல. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து நூற்பாலைச் சங்குதான் ராஜபாளையத்தின் கடிகாரம். சத்திரப்பட்டியில் மருத்துவமனைக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே வழக்கறிஞர், எழுத்தர், காவலர் என்று பல பெண்கள். கிருஷ்ணன்கோவில் பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தில் போய்வரும் ஆசிரியைகள் வேறு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான கேள்வி ஒன்றுதான்: பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

பால்வாடி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இந்தியாவில் பல மாநிலங்கள் பொறாமைப்படும் வலைப்பின்னல் அது. ஆனால் இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு அங்கே எடை பார்ப்பார்கள், தடுப்பூசி போட்டாயா என்று கேட்பார்கள், சத்துமாவு கொடுத்து அனுப்புவார்கள். பகலெல்லாம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெரிய பிள்ளையை வைத்துக்கொள்ளும் மையமும் சாயங்காலம் மில் ஷிப்டு முடிவதற்குள் பூட்டிவிடும். பிரசவ விடுப்பு கிடைக்கிற அதிர்ஷ்டசாலிக்கு 26 வாரம். அது முடிந்த நாளிலிருந்து பிள்ளை பால்வாடிக்குப் போகிற வயது வரும்வரை ஒன்றரை ஆண்டு. விடுப்பே இல்லாத தறிக்காரிக்கு, தையல்காரிக்கு அதைவிட அதிகம்.

அந்த இடைவெளியை நிரப்புவது முதலில் அம்மாச்சி. அம்மாச்சியும் வேலைக்குப் போகிறவராகவோ முடியாதவராகவோ இருந்தால், தெருவில் ஒரு பெரியம்மா, ஒரு அக்கா. ‘பிள்ளை பார்க்கிற வீடு’ என்று கேட்டால் எந்தத் தெருவிலும் கைகாட்டுவார்கள். எழுத்தில் ஒன்றும் கிடையாது. பால் புட்டியும் மாற்றுத் துணியும் தாய் கொடுக்க வேண்டும், சோறு அந்த வீட்டில், ஞாயிறு விடுமுறை என்று வாய்ப்பேச்சில் முடிந்துவிடும். நல்ல வீடா கெட்ட வீடா என்பதை இன்னொரு தாய் சொல்வதுதான் சான்றிதழ்.

சட்டத்துக்குள் வர, பிள்ளை பார்க்கும் பெண்ணுக்கு இன்று ஒரே ஒரு கதவுதான் கொஞ்சம் பக்கத்தில் தெரிகிறது. மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2015இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை விதித்தொகுப்பு. பெயரே சொல்வதுபோல அது பள்ளிக்கானது. தனியார் பள்ளி ஒன்றுக்கு நம் மாநிலத்தில் என்னென்ன சான்று வேண்டும் என்பது அதை நடத்தியவர்களுக்கு மனப்பாடம்: பொறியாளரிடம் கட்டட உறுதிச் சான்று, 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி வட்டாட்சியரிடம் உரிமம், சுகாதாரத் துறையிடம் ஒன்று, தீயணைப்புத் துறையிடம் ஒன்று. இந்தப் பட்டியலைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைக்கொட்டகை பற்றியெரிந்து 94 குழந்தைகள் இறந்தபிறகு ஒவ்வொரு சான்றும் இறுக்கப்பட்டது. அந்த விலை கொடுத்து வாங்கிய விதிகள் அவை. நூறு பிள்ளைகளை ஒரே கட்டடத்தில் அடைக்கும் இடத்துக்கு அவை தளரவே கூடாது. ஆனால் வாடகைக்கு இருக்கும் இரண்டு அறை வீட்டில் நான்கு பிள்ளைகளைப் பார்க்கும் பெண்ணிடம் அந்தப் பட்டியலை நீட்டினால், அவர் அதை வாங்கி அடுக்களை அலமாரியில் செருகிவிட்டு வழக்கம்போல வேலையைத் தொடர்வார். மற்ற சட்டங்களும் உதவாது. 2014இல் வந்த பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டம் தங்கும் இடங்களுக்கானது. இளைஞர் நீதிச் சட்டத்தின் பதிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லங்களுக்கானது.

ஏன் இப்படி ஒரு ஓட்டை என்று யோசித்தால் 1948ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது: கூலி வாங்கிக்கொண்டு தன் வீட்டில் அடுத்தவர் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்பவர் உள்ளாட்சியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றது. அதே 1948இல் நம் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அதன் 48ஆவது பிரிவு, பெண்கள் அதிகமாக வேலை பார்க்கும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. முதலில் 50 பெண்களுக்கு மேல் என்றிருந்த கணக்கு 1976இல் 30 ஆனது. இரண்டும் நல்ல சட்டங்களே. அவர்கள் வீட்டைப் பார்த்தார்கள், நாம் ஆலையைப் பார்த்தோம். அன்றிலிருந்து இன்றுவரை நம் சட்டக் கண்ணுக்குப் பிள்ளை என்பது முதலாளியின் பொறுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் வால். 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் அப்படித்தான். 2017இல் பிரசவகாலப் பயன் சட்டத்தைத் திருத்தி, 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று எழுதியபோதும் அப்படித்தான்.

முதலாளியே இல்லாதவருக்கு? பத்துப் பேர் வேலை பார்க்கும் விசைத்தறிக் கொட்டகைக்கு? வீட்டிலேயே தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, உருப்படிக்கு இத்தனை என்று கூலி வாங்குபவருக்கு? தொட்டில் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு தைப்பவர் தளவாய்புரத்துக்குப் புதியவர் அல்ல. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வார் பாடிப் பாடிக் கொண்டாடிய யசோதையே வேலைக்கு நடுவில் பிள்ளையைச் சமாளிக்க முடியாமல் உரலில் கட்டிப்போட்டவள்தானே. பிள்ளை உரலை இழுத்துக்கொண்டே போய் இரண்டு மருத மரங்களைச் சாய்த்தது என்கிறது புராணம். சாதாரணப் பிள்ளை கேஸ் குழாயை இழுக்கும்.

ஆலைக்குள் காப்பகம் கட்டிய இடங்களிலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இந்த வட்டாரத்தில் மில் வேலைக்குப் போகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். விடியுமுன் வரும் மில் வண்டியில், பஞ்சுத் தூசி பறக்கும் இடத்துக்குத் தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதைவிட, பக்கத்து வீட்டில் விட்டுப்போவதே மேல் என்பார்கள். பிள்ளையின் இடம் தாயின் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தாயின் எந்திரத்துக்குப் பக்கத்தில் அல்ல. எஸ்டேட்டுக்குள்ளேயே லயன் வீடும் தேயிலை மலையும் இருக்கும் இடத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடும். இலங்கை மலையகத்தில் பிள்ளை மடுவங்கள் எனப்படும் காப்பகங்கள் தலைமுறை தலைமுறையாக ஓடியது அதனால்தான். ராஜபாளையத்தில் மில் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம்.

சரி, இத்தனை காலம் தெரு தன்னைத்தானே பார்த்துக்கொண்டதே, அரசாங்கத்தை ஏன் வீட்டுக்குள் கூப்பிட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்கள்தான் அதிகமும் இப்படிக் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஆள் இருக்கும். தெருவின் நம்பிக்கை பெரியதுதான். ஆனால் அந்த நம்பிக்கை மனிதரைப் பார்க்கும், தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பார்க்காது. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். ஏப்ரலில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளியின் தொட்டியில் விழுந்து இன்னொரு சிறுமி இறந்தாள். பலகை மாட்டி, கட்டணம் வாங்கி, ஆள் வைத்து நடத்திய இடங்களிலேயே ஒரு மூடியைச் சரிபார்க்க ஒருவரும் இல்லை. நான்கு பேரை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டு, இடையில் அடுப்பையும் கவனிக்கும் பெரியம்மாவின் வீட்டில் என்ன நடக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. அவர் கெட்டவர் என்பதால் எதுவும் நடப்பதில்லை. ஐந்தாவது பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராததால் நடக்கிறது.

ஆகவே பதிவு வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் தப்பாகக் கொண்டுவந்தால் என்னவாகும் என்பதற்கு வெளியூர்ப் பாடங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் 1948இல் சட்டம் வந்தும், 1970களில் ஆய்வாளர்கள் விடியற்காலையில் தொழிற்சாலை நகரத் தெருக்களில் நின்று பார்த்தபோது, பதிவே இல்லாத வீடுகளுக்குத் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டார்கள். பதிவு செய்தால் கிடைப்பது ஆய்வு மட்டும்தான் என்றால் யார் முன்வருவார்? 1977இல் பிள்ளை பார்ப்பவர்களுக்கென்று நாடு தழுவிய சங்கம் வந்து, பயிற்சியும் துணையும் பேசப்பட்ட பிறகே அந்த வேலைக்கு ஒரு தொழிலின் முகம் கிடைத்தது.

இன்னொன்று, நம்மவர்கள் ஏராளமாக வாழும் டொரண்டோவுக்குப் பக்கத்தில் நடந்தது. ஒன்ராறியோ மாகாணத்தில் உரிமம் இல்லாமலே ஒருவர் வீட்டில் ஐந்து பிள்ளைகள் வரை பார்க்கலாம். வாகன் நகரில் ஒரு வீட்டில் அதைப்போலப் பல மடங்கு பிள்ளைகளை வைத்திருந்தார்கள். 2013 ஜூலையில், வெயிலில் நின்ற காருக்குள் மறந்து விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை அங்கே இறந்துபோனது. அந்த வீட்டைப் பற்றி அமைச்சகத்துக்கு ஏற்கெனவே புகார்கள் போயிருந்தன. மாகாணக் குறைகேட்பாளர் 2014 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை 113 பரிந்துரைகளைச் சொன்னது. அதை ஒட்டி வந்த புதிய சட்டம் 2015 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அங்கே விதி இல்லாமலில்லை. ஐந்துக்கு மேல் கூடாது என்று எழுதியிருந்தது. வந்த எல்லாப் புகார்களுக்கும் கதவைத் தட்ட ஆள் போகவில்லை.

அதனால் எதை எழுதுவது என்பதைவிட, எதை எழுதாமல் விடுவது என்பதில் கவனம் வேண்டும். எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தில் ஒருவர் தன் வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பேர் வரை பார்க்கலாம். அதில் ஐந்து வயதுக்குக் கீழ் மூவர், ஒரு வயதுக்குக் கீழ் பொதுவாக ஒருவர். 2018இல் ஒன்றிய அரசு நிறுவனக் காப்பகங்களுக்கு வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டுதல், மூன்று வயதுக்குட்பட்ட பத்துப் பேருக்கு ஒரு பணியாளரும் உதவியாளரும் என்றது. பத்துக் கைக்குழந்தைகளை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு தீ விபத்தில் எப்படி வெளியே வருவார்கள் என்று அதை எழுதியவர்களைக் கேட்க எனக்கு ஆசை. நம் வீடுகளுக்கு, சொந்தப் பிள்ளை பேரப்பிள்ளை சேர்த்து ஐவர், அதில் நடக்கத் தெரியாதவர் இருவருக்கு மேல் கூடாது என்று வைத்தால் தப்பாகாது. ஆறாவது பிள்ளை வந்தால் இரண்டாவது ஆள். பத்தைத் தாண்டினால் அது வீடல்ல, 2015 விதித்தொகுப்புக்குள் போகட்டும்.

அடுத்தது வீடு. பொறியாளர் சான்று வேண்டாம், இவற்றைப் பார்த்தால் போதும்: தரைத்தளமா, சம்புக்கு மூடி பூட்டோடு இருக்கிறதா, கிணறு உண்டா, மாடிப்படிக்குத் தடுப்பு உண்டா, கேஸ் அடுப்பு பிள்ளைக்கு எட்டுமா, தாத்தாவின் மாத்திரைகள் எங்கே இருக்கின்றன, குளியலறை வாளியில் தண்ணீர் நிற்கிறதா. கைக்குழந்தை மூழ்க ஒரு வாளித் தண்ணீர் போதும். ராஜபாளையம் என்பதால் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கலாம்: வீட்டில் நாய் உண்டா? ஊரின் பெயரைத் தாங்கிய அந்த வெள்ளை நாய் காவலுக்குப் பேர்போனது. அந்நியரை அதற்குப் பிடிக்காது, அந்நியர் இரண்டடி உயரம்தான் இருந்தாலும்கூட. பிறகு, வீட்டில் இருக்கும் மற்றப் பெரியவர்கள் யார் என்ற கேள்வி. கேட்கச் சங்கடமானது, ஆனால் விடவே கூடாதது. போக்சோ வழக்குகளில் குற்றம் சாட்டப்படுபவர் பெரும்பாலும் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர் என்பது எல்லா மகளிர் காவல் நிலையத்துக்கும் தெரியும். பதிவுக்கு முன் அந்த வீட்டின் எல்லா வயதுவந்தவர் பற்றியும் காவல் சரிபார்ப்பு வேண்டும். தொண்டையில் அடைத்தால், வலிப்பு வந்தால், சுட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று இரண்டு நாள் பயிற்சி. அதை அரசு மருத்துவமனையிலேயே கொடுக்கலாம். சுவரில் 1098 எழுதியிருக்க வேண்டும். தாய் சொல்லாமல் வந்து நின்றாலும் கதவு திறக்க வேண்டும். இவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

யார் வந்து பார்ப்பது என்பதில்தான் எல்லாம் கெடும். கல்வித் துறை வந்தால் பாடத்திட்டம் கேட்கும், வருவாய்த் துறை வந்தால் பட்டா கேட்கும். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் வட்டார மேற்பார்வையாளர் வரட்டும். கைக்குழந்தையின் எடையைப் பார்த்ததும் சரியாக வளர்கிறதா என்று சொல்லத் தெரிந்தவர் அவர். கூடவே அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சத்துமாவையும் அங்கேயே கொடுத்துவிட்டால், ஆய்வுக்கு வருகிறவர் கையில் ஏதோ ஒன்று இருக்கும். அவரை வாசலில் நிறுத்திவைக்க எவருக்கும் தோன்றாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பயத்தைத் தீர்க்க வேண்டும். பதிவு என்று சொன்னதும் இந்தப் பெண்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மின்சார மீட்டர். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வணிகம் என்று எழுதிவிட்டால் கட்டணமே வேறு. நகராட்சி சொத்துவரியும் அப்படியே மாறும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் அன்றைக்கே காலி செய்யச் சொல்வார். ஐந்து பிள்ளைகள் வரை பார்க்கும் வீடு, மின்சாரத்துக்கும் வரிக்கும் வீடாகவே கருதப்படும் என்று அரசாணையின் முதல் வரியில் போடாவிட்டால் மீதி வரிகளை எழுதவே வேண்டாம்.

நல வாரியத்திலும் இதே கூத்துதான். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இவர் போய்ப் பார்த்துக்கொண்டால் வீட்டுப் பணியாளர்; பிள்ளை இவர் வீட்டுக்கு வந்தால் அந்த வரையறைக்குள் நுழைவது கடினம். நூறு நாள் வேலைச் சட்டம் இந்த விஷயத்தில் நியாயமாக இருந்தது: வேலையிடத்துக்குச் சிறு பிள்ளைகள் ஐவரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து, மண் வெட்டுபவருக்குள்ள அதே கூலியை அவருக்கும் கொடு என்றது. கர்நாடகம் 2023இல் ‘கூசின மனெ’ என்ற பெயரில் கிராமப் பஞ்சாயத்துகளில் 4,000 காப்பகங்கள் என்று அறிவித்து அந்த விதியைப் பெரிதாக்கியது. பிள்ளை பார்ப்பது வேலைதான் என்று ஒத்துக்கொண்ட அரசுகள் இங்கேயே இருக்கின்றன.

பணம்? மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைத் தாய் இப்போதே கொடுக்கிறார். அதற்கு மேல் அவரிடம் கேட்க முடியாது. மில்கள் பக்கம் பார்க்கலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த தொழிலாளர் சட்டத்தொகுப்புகள், பழைய ‘30 பெண்கள்’ கணக்கை விட்டு 50 தொழிலாளர் என்ற கணக்குக்கு மாறியிருக்கின்றன. சிறிய ஆலைப் பெண்களுக்கு இதனால் நஷ்டம் உண்டு. ஆனால் அதே தொகுப்பு ஒன்றைத் திறந்தும் விட்டிருக்கிறது: நிறுவனம் தானே காப்பகம் கட்ட வேண்டியதில்லை, நகராட்சியோ தனியாரோ தொண்டு நிறுவனமோ நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், பல நிறுவனங்கள் சேர்ந்து செலவைப் பகிரலாம். தொழிலாளியின் தெருவிலேயே இருக்கும் பதிவுபெற்ற பிள்ளை பார்க்கும் வீடுகளும் அந்தக் கணக்கில் சேரும் என்று மாநில விதியில் ஒரு வரி எழுதினால், ஆலைக்குள் ஓர் அறையை ஒதுக்கிக் கணக்குக் காட்டுவதைவிட அது மில்லுக்கே மலிவாக முடியும்.

யாருக்கும் விடை தெரியாத கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது, இரவு ஷிப்டு. மூன்று ஷிப்டு ஓடும் ஊரில் பெண்ணின் சம்மதத்தோடு இரவு வேலை என்பதைப் புதிய தொகுப்புகள் எளிதாக்கியிருக்கின்றன. நள்ளிரவில் தூங்கும் பிள்ளையை அடுத்த வீட்டில் விடுவது பகல் காப்பகமா, தங்கும் விடுதியா? நான் கண்டவரை நம் சட்டம் எதுவும் இதைப் பற்றி யோசித்திருப்பதாகத் தெரியவில்லை. முதலாளிக்கு இரவு ஷிப்டு அனுமதி கொடுக்கும் அதிகாரியே, அந்தப் பிள்ளைகள் அன்றிரவு எங்கே படுத்திருக்கும் என்பதையும் அதே விண்ணப்பத்தில் கேட்க வேண்டும். ராஜபாளையத்தின் 42 வார்டுகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூரின் 33 வார்டுகளிலும் எந்தெந்த வீட்டில் பிள்ளை பார்க்கிறார்கள் என்பது அந்தந்தப் பகுதி அங்கன்வாடிப் பணியாளருக்கு இன்றைக்கே தெரியும். பட்டியலை அவர்களிடம் கேட்டுத் தொடங்கலாம். மாவட்ட ஆட்சியர் நினைத்தால் அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.